சிபேப் மெஷினும் பவர் ஸ்டேஷனும்: மூன்று வருட கேம்பிங் அனுபவம்

என்னோடு கேம்பிங் வருகிற நண்பருக்கும் எனக்கிருப்பது போலவே ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய், இருப்பது போன மாதம்தான் தெரிய வந்தது. மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டை அடைபடாமல் வைக்கும் சிபேப் மெஷின் கைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கரண்ட் இல்லாத இடத்துல எப்படி ஓட்டுறீங்க? உங்க பவர் ஸ்டேஷனையே நானும் வாங்கட்டுமா?" ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பவர் ஸ்டேஷன், அதாவது கையில் தூக்கிப் போகும் பேட்டரிப் பெட்டி, 500 வாட் ஹவர், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. மெஷின் 24 வோல்ட், அதில் வைத்திருக்கும் காற்றழுத்தம் 10. மூன்று வருடத்தில் நாற்பது இரவுகளுக்கு மேல் இந்த ஜோடியோடு கூடாரத்தில் தூங்கியிருக்கிறேன்.

முதல் பயணத்தில் வீட்டில் மாட்டுவது போலவே மாட்டினேன். தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர், சூடாகும் டியூப் எல்லாம் ஓடியது. காலையில் பார்த்தால் 28 சதவீதம்தான் மிச்சம். அடுத்த இரவு மெஷின் இல்லாமல் முதுகுக்கு மூட்டை வைத்து உட்கார்ந்தபடியே கழித்தேன். வீட்டுக்கு வந்து வாட் மீட்டரை வைத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. காற்றை ஊதும் வேலைக்கு மெஷின் எடுப்பது சராசரியாக 8 வாட்தான். தண்ணீரையும் டியூபையும் சூடாக்குவதுதான் மீதியை இழுக்கிறது. அதற்கு மேல் பேட்டரியில் இருக்கும் டிசி மின்சாரத்தை இன்வெர்ட்டர் ஏசியாக மாற்ற, மெஷினின் அடாப்டர் அதைத் திரும்ப டிசியாக மாற்றுகிறது. என் பவர் ஸ்டேஷனில் எதையும் மாட்டாமல் இன்வெர்ட்டரை ஆன் செய்து வைத்தாலே 10 வாட் போகிறது, அதாவது மெஷின் எடுப்பதைவிட அதிகம்!

12 வோல்ட்டை 24 ஆக்கும் கன்வெர்ட்டர் கேபிள் ஒன்று வாங்கி பவர் ஸ்டேஷனில் இருக்கும் கார் சாக்கெட் வழியாக நேராகக் கொடுத்தேன், சூடாக்குவதையெல்லாம் அணைத்தேன். ஒரு இரவுக்கு 15 சதவீதம். ஐந்து இரவுகள் ஓட்டிவிட்டு 25 சதவீதம் மீதியோடு திரும்பியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது, இந்த நோய் வந்த பிறகு இனி காட்டுப்பக்கம் போகவே முடியாது என்று நினைத்திருந்தவன் நான். மூக்கு வறளும், உண்மைதான். வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் சின்ன வடிகட்டி சில மாஸ்க்குகளுக்குக் கிடைக்கிறது, எனக்கு அது போதும். மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் காற்று கசிந்தால் மோட்டார் வேகமெடுத்து செலவு கூடும், அதையும் கவனியுங்கள். பேட்டரியில் குறையே இல்லை. மூன்று வருடத்தில் அதன் கொள்ளளவு குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது என்னை எரிச்சலூட்டும் விஷயம். இந்த பவர் ஸ்டேஷனில் மின்சேமிப்பு என்று ஒரு செட்டிங் இருக்கிறது. இழுக்கிற மின்சாரம் குறைவாக இருந்தால், எதுவும் மாட்டவில்லை என்று அதுவே முடிவு செய்து, நாலு மணி நேரத்தில் சாக்கெட்டை அணைத்துவிடும். ஹியூமிடிஃபையர் ஓடினால் அணையாது. சிக்கனமாக 8 வாட்டில் ஓட்டினால்தான் அணையும். பத்து மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்குக் காற்று நிற்கும். முழு முக மாஸ்க்கில் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு இருப்பதால் மூச்சு முட்டிப் போகவில்லை, ஆனால் தூக்கத்தில் தொண்டை அடைபடுவது பழையபடி ஆரம்பித்துவிடுகிறது. முதல் தடவை என் மனைவிதான் குறட்டை கேட்டு எழுப்பினார். அவர் இல்லாவிட்டால் விடியும் வரை அப்படியே கிடந்திருப்பேன்.

அணைத்து வைக்கலாமே என்பீர்கள். வைத்தேன். ஆனால் அந்த செட்டிங்கை மாற்ற பெட்டியில் பட்டன் கிடையாது, ஃபோன் ஆப்பில்தான் முடியும். இந்த வருடம் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்தது, அது செட்டிங்கை ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டது. போன பயணத்தில் இரவு இரண்டு மணிக்கு மறுபடி காற்று நின்றது. ஃபோனை எடுத்து ஆப்பைத் திறந்தால் லாகின் செய்யச் சொல்கிறது. சிக்னலே இல்லாத மலையில் எங்கே போய் லாகின் செய்வது? ஹியூமிடிஃபையரை ஆன் செய்து, மூன்று இரவுக்கான சார்ஜை இரண்டே இரவில் தீர்த்தேன். மூன்றாவது இரவுக்கு முன்பே கூடாரத்தைப் பிரித்து வீடு திரும்பினோம். எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது. நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன், ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்றார்கள்.

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். பேட்டரி பற்றிச் சொன்ன அத்தனை நல்லதும் உண்மை, எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, ஆனாலும் வாங்காதீர்கள். ஆப் எதுவும் இல்லாத சாதாரண 12 வோல்ட் லித்தியம் பேட்டரி, நடுவில் ஒரு ஃபியூஸ், உங்கள் மெஷினுக்கு உரிய டிசி கேபிள், இவ்வளவு போதும். வயர் மெல்லியதாக இருந்தால் வோல்டேஜ் இறங்கி மெஷின் எச்சரிக்கை காட்டும், தடிமனாகவே வாங்குங்கள். சோலார் பேனல் கொண்டுபோனால் உறைகிற குளிரில் அந்த பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது, வெயில் ஏறி அது சூடான பிறகு மாட்டுங்கள். அப்புறம், எதை வாங்கினாலும் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டு ஒரு முழு இரவு அதில் தூங்கிப் பாருங்கள். இரண்டு மணிக்கு நின்றால் வீட்டிலேயே நிற்கட்டும்.