எழுதி உருப்போடுவதா, பேசிப் பார்ப்பதா? நேர்காணலுக்கு மூன்று வழிகள்

நேர்காணலுக்கு இன்னும் நான்கு நாள். தயாராகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் இறங்குகிறார்கள். வரக்கூடிய கேள்விகளுக்கு விடை எழுதி உருப்போடுவது ஒன்று. சொந்த அனுபவத்திலிருந்து ஐந்தாறு சம்பவங்களைக் குறித்து வைத்துக்கொள்வது இன்னொன்று. யாரையாவது எதிரே உட்காரவைத்து மாதிரி நேர்காணல் நடத்துவது மூன்றாவது.

உருப்போடுவதை முழுதாக ஒதுக்க மாட்டேன். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பது அநேகமாக வந்தே தீரும். அதற்கு ஒன்றரை நிமிடப் பதில் நாக்கு நுனியில் இருந்தால் படபடப்பு பாதி அடங்கிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ‘குழுவில் கருத்து வேறுபாடு’ என்று நீங்கள் தயாரித்திருப்பீர்கள், அவர்களோ, “மேலாளர் சொன்னது தவறு என்று தெரிந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று கேட்பார்கள். மனம் எழுதிய தாளைத் தேடும், கண் கூரைக்குப் போகும். எதிரே இருப்பவருக்கு அது போதும்.

திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற மயக்கமும் வரும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பொருத்தம். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு பக்கம்; ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 81 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 42க்கு எதிராக 56. தாளை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான் தங்குகிறது.

என் ஓட்டு சம்பவக் குறிப்புகளுக்கு. எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போடும் முறையைப் பல நிறுவனங்கள் கையாளுகின்றன. “இப்படி ஒரு நிலைமையில் என்ன செய்தீர்கள்?” என்பது அதில் வாடிக்கையான கேள்வி. சூழல், உங்கள் பொறுப்பு, செய்த காரியம், விளைவு என்ற நான்கும் பதிலில் இருக்க வேண்டும். பலர் சூழலை விவரிப்பதிலேயே மூச்சு வாங்கிவிடுகிறார்கள். செய்ததைச் சொல்லும் இடத்திலோ “நாங்கள் செய்தோம்” என்று குழுவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். அடக்கம் நல்லதுதான், ஆனால் மதிப்பெண் போடுகிறவர் உங்கள் பங்கைத்தான் தேடுகிறார்.

இந்த வழியின் பலமே ஒரு சம்பவம் பல கேள்விகளுக்குத் தாங்கும் என்பதுதான். கெடு தப்பிய ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: நெருக்கடியைச் சமாளித்தது, தவறை ஒப்புக்கொண்டது, சக ஊழியரோடு உரசல் வந்தது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஐந்தாறில் ஒன்றாவது உண்மையான தோல்வியாக இருக்கட்டும். “அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் பலவீனம்” என்ற பதிலை அவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். குறிப்பைச் சொற்களாக எழுதுங்கள். வாக்கியமாக எழுதினால் அதையும் உருப்போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

குறை ஒன்று உண்டு. தாளில் நான்கு வரியாக இருப்பது வாய்க்கு வந்ததும் ஐந்து நிமிடம் ஓடும். அதைப் பிடிக்கத்தான் மாதிரி நேர்காணல். நண்பர் என்றால் தலையாட்டி “சூப்பர்” என்பார். உங்களை அதிகம் அறியாத, அதே துறையில் இருப்பவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். “அப்புறம்? ஏன் அப்படி?” என்று குடைவார். யாரும் கிடைக்காவிட்டால் கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். நிமிடத்துக்கு எத்தனை “அதாவது” என்று கேட்கும்போது கூசும், கூசட்டும்.

நான்கு நாளும் கையில் இருந்தால் முதல் நாள் சம்பவங்களுக்கு, மீதி மூன்றும் வாய்விட்டுப் பேச. ஒரே இரவுதான் என்றால் வேலை அறிவிப்பைப் பக்கத்தில் வைத்து, அதில் கேட்டிருக்கும் திறன்களுக்குப் பொருந்தும் மூன்று சம்பவங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுங்கள்.