ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள், ஒரு போன்: தொலைக்கல்வியை நீண்ட நாள் பாவித்த அனுபவம்

கொரோனாவுக்காக 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகளை மூடியபோது என் மகள் தரம் 10, மகன் தரம் 4. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைகள் உள்ள தொடர்மாடி வீடு எங்களுடையது. மகன் 2022 ஜனவரி 22ஆம் திகதி புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடிக்கும்வரை, மகள் அதே ஆண்டு மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதத் தொடங்கும்வரை, பாடசாலை எங்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் போன் வழியாகத்தான். இடையில் திறந்தார்கள், மூடினார்கள். 2020 ஓகஸ்டில் பிள்ளைகள் மறுபடி சீருடை போட்டார்கள். ஒக்டோபரில் மினுவாங்கொடையில் தொடங்கிய கொரோனாத் தொற்றுக் கொத்தணியோடு அதுவும் நின்றது. மேல் மாகாணத்தில் அடுத்த மார்ச்சில் கட்டம் கட்டமாகத் திறந்து, ஏப்ரல் முடியும் முன்னரே திரும்பவும் மூடினார்கள். பிறகு ஆரம்பப் பிரிவுக்கு 2021 ஒக்டோபர் 25 வரையும், மகளின் வகுப்புக்கு நவம்பர் 8 வரையும் வீடுதான் வகுப்பறை.

இவ்வளவு காலம் பாவித்தால் எந்தப் பொருளின் குணமும் தெரிந்துவிடும். சூம், வட்ஸ்அப், தொலைக்காட்சிப் பாடம், கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ, அச்சிட்ட செயலட்டை என்று எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் பாவித்தோம். பாடசாலைகள் பெருமையாகச் சொன்னது நேரடி சூம் வகுப்பைத்தான். என் பிள்ளைகளுக்கு, குறிப்பாகச் சின்னவனுக்கு, அதனால் கிடைத்ததுதான் மிகக் குறைவு. அவனைக் காப்பாற்றியது மிஸ் அனுப்பிய குரல் பதிவும், திருத்தித் திரும்பி வந்த கொப்பிப் பக்கமும்.

முதலில் சூம். என் கணவர் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறார். ஊரடங்கு இருந்தவரை அவருடைய போன் வீட்டில் இருந்தது. கடை திறந்ததும் போனும் அவரோடு போய்விட்டது. மிச்சம் இருந்த என் போனில் காலை எட்டு மணிக்கு இருவருக்கும் வகுப்பு. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இலங்கையில் அந்தக் காலத்தில் கணினி இருந்தது ஏறத்தாழ ஐந்து வீட்டுக்கு ஒன்றில்தான். மற்ற வீடுகளில் பெற்றோரின் போன்தான் பிள்ளையின் பாடசாலை. அப்பாவோ அம்மாவோ வேலைக்குப் போனால் அந்தப் பாடசாலையும் பையில் ஏறிப் போய்விடும். நேர அட்டவணை போட்டவர்கள் இதை ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். ஆரம்பப் பிரிவுக்குக் காலையும் மேற்பிரிவுக்குப் பின்னேரமும் என்று மாற்றியிருந்தால் எத்தனையோ வீடுகளில் அக்கா தம்பி சண்டை இருந்திருக்காது.

இலவசக் கணக்கில் சூம் கூட்டம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். பின்னக் கணக்கில் பொதுப் பகுதி கண்டுபிடிக்கும் இடத்தில் அறுந்தால், எல்லோரும் திரும்ப உள்ளே வந்து சேர்வதற்குள் பிள்ளை கணக்கை விட்டுவிட்டு வேறு எதையாவது பார்க்கத் தொடங்கிவிடும். படத்தைப் போட்டு வைத்தால் டேட்டா பறக்கும். படத்தை நிறுத்தினால், எதிர்ப்பக்கம் பிள்ளை இருக்கிறதா தூங்குகிறதா என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. மைக்கைத் திறந்தால் பாண் ஓட்டோவின் மெட்டு, குக்கர் விசில், பக்கத்து வீட்டுச் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து விழும். ஆகவே எல்லோருடைய மைக்கும் மூடிய நிலையில், ஒன்பது வயதுப் பிள்ளை கை தூக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்து, யாரும் கூப்பிடாமல் கையை இறக்கிவிடும். என் மகன் சில நாட்களில் அந்தப் பொத்தானைத் தொடுவதையே விட்டான்.

ஆனால் சூமே பிழை என்று சொல்லவும் மாட்டேன். மகளின் கணித சேர் தன் முகத்தைக் காட்டவே இல்லை. புத்தகங்களை இரண்டு பக்கமும் அடுக்கி, நடுவில் போனை வைத்து, கமராவை நேரே கீழே கொப்பியைப் பார்க்க விட்டார். எங்களுக்குத் தெரிந்தது அவருடைய கையும் பேனையும் மட்டும். ஒவ்வொரு வரியாக எழுதுவார், எழுதும்போதே பேசுவார், ஒரு வரி எழுதியதும் நிறுத்துவார். சரியாக முப்பத்தைந்து நிமிடம், பிறகு விடுவார். அந்த வகுப்பை மகள் ஒரு நாளும் தவறவிடவில்லை. பதினைந்து வயதில், பாடத்தில் ஆர்வமும் இருந்து, சேரும் இப்படித் தயார்பண்ணி வந்தால் நேரடி வகுப்பு உதவும்.

வட்ஸ்அப் குழு ஆரம்பத்தில் தலைவலி. காலையில் நாற்பது "குட்மோர்னிங் மிஸ்", அதற்கு நடுவில் வீட்டுப்பாடம் எங்கேயோ புதைந்து கிடக்கும். கரும்பலகையைத் தூரத்தில் நின்று எடுத்த படங்கள் வட்ஸ்அப்பில் அமுங்கி, எழுத்து மங்கி வரும். அதைவிடக் கொடுமை பாமினி. பாடசாலைகளிலும் டியூஷன் வகுப்புகளிலும் செயலட்டைகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்படும். அந்த வேர்ட் கோப்பைப் போனில் திறந்தால் தமிழ் வராது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு பக்கம் முழுக்கக் குப்பை வரும். அந்த எழுத்துரு இல்லாத போனில் அப்படித்தான் தெரியும். முதல் கிழமைகளில் தாய்மார் பலர் தங்கள் போன் பழுதாகிவிட்டது என்று நினைத்தார்கள். அதே கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் எழுத்துருவும் உள்ளேயே அடங்கி வரும், எந்தப் போனிலும் தமிழாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தை எல்லா ஆசிரியர்களுக்கும் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பிள்ளைகளின் எத்தனை மணித்தியாலம் மிஞ்சியிருக்கும்.

நிலைமையை மாற்றியது மகனின் வகுப்பாசிரியை. குழுவில் நிர்வாகி மட்டும் அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றினார். வணக்கமும் நன்றியும் நின்றன. இரவில் அடுத்த நாளுக்கான ஒரு பிடிஎஃப், அதோடு நான்கைந்து நிமிடக் குரல் பதிவு ஒன்று. பிள்ளைகள் செய்து முடித்ததும் கொப்பியைப் படம் எடுத்துத் தனியாக அவருக்கு அனுப்ப வேண்டும். எப்போது என்று கட்டாயம் இல்லை. அப்பா வேலை முடிந்து வந்தபிறகு அனுப்பினாலும் சரி. அந்தப் படத்தின் மேலேயே சிவப்பு நிறத்தில் வட்டம் போட்டு, கூடவே ஒரு சின்னக் குரல் பதிவும் திரும்பி வரும்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கழித்தல் கணக்கில் மகன் தொடர்ந்து பிழை விட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்லிப் பார்த்தேன், அக்கா சொல்லிப் பார்த்தாள், அழுகைதான் மிச்சம். மிஸ்ஸின் பதிவு வந்தது: "மகன், கீழே இருந்து ரெண்டாவது கணக்கைப் பாருங்க. பத்தினிடத்தில இருந்து கடன் வாங்கினீங்க, நல்லம். ஆனா அங்க ஒண்ட குறைச்சீங்களா? இன்னொருக்கா அந்த இடத்த மட்டும் பாருங்க." கணக்கை அவர் செய்து காட்டவில்லை. பிழை எந்த இடத்தில் என்று மட்டும் சொன்னார். மகன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான், தானே அழித்தான், தானே எழுதினான். வகுப்பறையில்கூட நாற்பது பிள்ளைக்கு நடுவில் இவ்வளவு நேரம் அவனுக்குக் கிடைத்திருக்காது. பெயரைச் சொல்லி, அவனுடைய பிழையை மட்டும் பார்த்து ஒருவர் பேசுகிறார் என்பது அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அந்த மிஸ்ஸின் பதிவுகள் இரவு பதினொரு மணிக்குப் பிறகு வரும். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கும். அவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். டேட்டா அவருடைய சொந்தக் காசு. 2021 ஜூலை 12 முதல், பல வருடமாக இழுபட்ட சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது, எங்கள் குழுவும் அமைதியானது. புலமைப்பரிசில் பிள்ளையின் அம்மாவாக எனக்குப் பயம் பிடித்தது உண்மை. ஆனால் அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாட்டின் கல்வியை மாதக்கணக்கில் தங்கள் சொந்த ரீலோடில் ஓட்டியவர்கள் அவர்கள்.

அந்த இடைவெளியில்தான் தொலைக்காட்சியின் அருமை தெரிந்தது. நேத்ரா தொலைக்காட்சியில் போன குருகுலம் என்ற பாட நிகழ்ச்சியை அதுவரை நாங்கள் கவனிக்கவில்லை. டேட்டா வேண்டாம், போன் வேண்டாம், அம்மம்மாவும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். நிறுத்திக் கேட்க முடியாது என்பதுதான் குறை. ஈ-தக்சலாவவில் பாடங்களும் பயிற்சிகளும் உண்டு. ஆனால் தமிழில் நாங்கள் தேடியபோது சிங்களத்தில் இருந்த அளவு இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் எல்லாம் பிடிஎஃப் ஆக இருந்தது நல்ல உதவி.

காகிதம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2020 கடைசியில் வட கொழும்பில் எங்கள் பக்கம் தனிமைப்படுத்தப்பட்டபோது போட்டோக்கொப்பிக் கடை இல்லை. மேல்மாடி அன்ரி தன் வீட்டுப் பிரிண்டரில் தொடர்மாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அச்செடுத்து, பையில் போட்டு, ஒவ்வொரு கதவுக் கைப்பிடியிலும் தொங்கவிட்டுப் போவார். காசு வாங்கவில்லை. திரையில் பார்த்து எழுதுவதற்கும் தாளில் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அப்போதுதான் நேரில் கண்டேன். தாளில் மகன் அரை மணித்தியாலம் குனிந்திருப்பான். போனில் பத்து நிமிடத்தில் விரல் வேறு பக்கம் போய்விடும்.

எல்லாப் பாடசாலையும் இப்படி நடக்கவில்லை. எங்கள் பகுதியில் ஒரு பாடசாலையில் சூம் வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தினமும் பெற்றோர் குழுவில் போட்டார்கள். அதில் தொடர்ந்து வந்த ஒரு பெயர், வீடுகளில் வேலை செய்யும் ஒரு தாயின் பிள்ளையுடையது. அந்த வீட்டில் பொத்தான் போன் மட்டும்தான். ஒருவருடைய போனைக் கடன் வாங்கிக் குழுவில் இருந்த அவர், சில நாட்களில் ஒன்றும் சொல்லாமல் வெளியேறிவிட்டார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. இலவசக் கல்வி 1945இலேயே வந்த நாட்டில், போன் இல்லாத பிள்ளையை வராத பிள்ளை என்று எழுதியது எனக்கு இன்றும் ஆறவில்லை. பட்டியல் போட்ட நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கட்டுச் செயலட்டையை வாசலில் கொடுத்திருக்கலாம்.

வீட்டுக்குள்ளும் ஒரு அநியாயம் நடக்கும், பெரும்பாலும் பெண் பிள்ளைக்கு. தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை தானாகவே மகளிடம் போனது. அவளுக்கும் சாதாரண தரம் வருகிறது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தம்பி அக்காவிடம் போகக்கூடாது, போனும் அவளுக்குத்தான் என்று கணவர் சட்டம் போட்டார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. குரல் பதிவுகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுக் குறிப்பெடுக்க அவள் பழகியதும் அந்த நேரத்தில்தான்.

மூடல் முடிந்தபிறகு என்ன மிஞ்சியது என்று கேட்பவர்களுக்கு: மகனின் வாசிப்புக் குறையவில்லை, எழுதும் வேகம் நன்றாகக் குறைந்திருந்தது. புலமைப்பரிசில் பரீட்சையில் தெரிந்த விடையைக்கூட எழுதி முடிக்க நேரம் போதவில்லை என்று வந்து சொன்னான். போனில் விடையைத் தொட்டுத் தெரிவு செய்த பிள்ளைகள் பலருக்கு இந்தக் கஷ்டம் இருந்தது. மகளுக்கு விஞ்ஞானத்தில் செய்முறை என்பதே இல்லாமல் போனது. யூடியூபில் பார்த்த பரிசோதனையைப் பரீட்சையில் எழுதினாள். நேரக் கணக்கு வைத்துக் கையால் எழுதும் பயிற்சியை வீட்டில் கிழமைக்கு ஒரு தடவையாவது செய்ய வையுங்கள் என்பது இதில் இருந்து நான் சொல்லக்கூடியது.

2022 ஜூனில் பெற்றோல், டீசல் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மறுபடி மூடியபோது இந்த முறைகளுக்கு இன்னொரு சோதனை வந்தது. கரண்ட் போனால் ரவுட்டர் செத்துவிடும், சூம் வகுப்பு அங்கேயே முடிந்தது. ஏற்கனவே இறக்கி வைத்த பிடிஎஃபும் குரல் பதிவும் மெழுகுதிரி வெளிச்சத்திலும் வேலை செய்தன. அதற்குள் ரூபாய் விழுந்து போன் விலை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்ததால், கண்ணாடி வெடித்த அதே போனில்தான் அந்தக் காலமும் ஓடியது.

மகனின் வகுப்புக் குழு இன்றும் இருக்கிறது. மழை வெள்ளத்துக்குப் பாடசாலை மூடினால் அதில்தான் அறிவித்தல் வரும், செயலட்டையும் வரும், பிடிஎஃப் ஆகவே வரும். கொப்பியைப் படம் எடுத்துத் தனியாக அனுப்பி, திருத்தி வாங்கும் பழக்கம் மட்டும் பாடசாலை திறந்ததோடு நின்றுபோனது. மூடும் நாட்களுக்காவது அதைத் திரும்பத் தொடங்க வேண்டும், அதற்கு ஆசிரியர்களின் டேட்டாச் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணத்தில் இருந்து கொடுக்க வேண்டும் என்று கடைசிப் பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம்.