செகண்ட் சான்ஸ் ஆஃபர்: ஓடிப்போனவர் ஏற்றிவிட்ட விலை என் தலையில் ஏன்?

டாலஸில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "ஈபேயில செகண்ட் சான்ஸ் ஆஃபர் வந்திருக்கு, எடுத்துடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று உடனே பதில் போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டார். ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்டாமல் போனால், அடுத்த இடத்தில் இருந்தவரிடம் "நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று விற்பவர் ஈபே வழியாகக் கேட்பதுதான் செகண்ட் சான்ஸ் ஆஃபர். வாட்ஸ்ஆப்பில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் விரிவாக எழுதுகிறேன். ஈபே ஏலம் எப்படி நடக்கும், உச்சத் தொகையை, அதாவது இதுவரைதான் தருவேன் என்று முன்கூட்டியே பதிவதை, எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய மேனுவல் லென்ஸ் வாங்க எனக்கு ஈபேயை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. என்னிடம் இருப்பவற்றில் எனக்கு உயிரானது நிக்கான் நிறுவனத்தின் நிக்கார் 105 மி.மீ. எஃப் 2.5, அவர்களுடைய பழைய மேனுவல் வரிசையில் ஏஐ-எஸ் வகை. 1984-இல் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி பச்சைக் கண் ஆப்கான் சிறுமியைப் படமெடுத்தது 105 எஃப் 2.5-இல்தான். என்னுடைய லென்ஸில் ஃபோகஸ் வளையம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சீராகத் திரும்பும். உள்ளேயே அடங்கியிருக்கும் ஹூடை வெளியே இழுத்தால் தொங்காமல் நிற்கும். அப்பெர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தாலும் பூஞ்சை நூல் ஒன்றுகூடத் தெரியாது. வாங்கி வருடக்கணக்கில் ஆகிறது, இன்னும் சலிக்கவில்லை. இது எனக்கு வந்ததே செகண்ட் சான்ஸ் ஆஃபரில்தான்.

அப்படியிருந்தும் அந்த ஆஃபரை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. காரணம் அந்த விலை.

ஏலத்தில் நான் போட்ட உச்சத் தொகை 165 டாலர். எனக்குக் கீழே இருந்தவர் 112-ல் நின்றுவிட்டார். எனக்கு மேலே ஒருவர் வந்து 167.50-க்கு ஜெயித்தார். ஜெயித்தவர் பணம் கட்டவில்லை. விற்பவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டு எனக்கு ஆஃபர் அனுப்பினார். விலை 165. நான் போட்ட உச்சத் தொகை அப்படியே.

கணக்கைப் பாருங்கள். 100-லிருந்து 250 டாலருக்குள் ஏலம் 2.50 டாலராக ஏறும். அந்த ஓடிப்போன ஆள் ஏலத்துக்கே வராமல் இருந்திருந்தால், 112-க்கு மேல் ஒரு படி, அதாவது 114.50-க்கு லென்ஸ் என் கைக்கு வந்திருக்கும். மிச்சம் 50.50 டாலர், கட்டவே போகாத ஒருவர் என் மேல் ஏற்றிவிட்டுப் போனது. அவர் ஏலத்தை ரத்து செய்தார்கள். அவர் ஏற்றிய விலையை மட்டும் ரத்து செய்யவில்லை.

ஐம்பது டாலருக்கா இவ்வளவு என்று கேட்கலாம். தொகை எனக்குப் பெரிதில்லை. ஈபேயில் நாம் உச்சத் தொகையைத் தைரியமாகத் தட்டுவதே ஒரு நம்பிக்கையில்தான்: எவ்வளவு போட்டாலும், அடுத்தவரைத் தாண்டத் தேவையான அளவுக்குத்தான் நம் சார்பில் ஏலம் ஏறும். வில்லியம் விக்ரி 1961-இல் எழுதிக் காட்டியதும் இதைத்தான். ஜெயிப்பவர் இரண்டாவது தொகையைக் கட்டினால் போதும் என்று வைத்தால், எல்லோரும் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்வார்கள். 1996-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. செகண்ட் சான்ஸ் ஆஃபர் அந்த நம்பிக்கையைத்தான் தட்டிவிடுகிறது. மனதைத் திறந்து 165 என்று சொன்னேன். சொன்னதையே விலைச்சீட்டாக எழுதி என்னிடம் நீட்டினார்கள்.

ஓடிப்போகிறவருக்கு என்ன ஆகும்? விதிப்படி ஏலம் கேட்டுவிட்டால் கட்டியாக வேண்டும். நினைத்தபோது பின்வாங்க முடியாது. தொகையைத் தவறாகத் தட்டிவிட்டால், பொருளின் விவரத்தை விற்பவர் பெரிதாக மாற்றிவிட்டால், அல்லது விற்பவரைத் தொடர்புகொள்ளவே முடியாவிட்டால் மட்டும் திரும்பப் பெறலாம். அதுவும் கடைசி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஏலம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள். நல்ல விதிதான். பெரிய தொகையைப் போட்டு மற்றவர்களை விரட்டிவிட்டுக் கடைசி நிமிடத்தில் உருவிக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு, அவர்களை இது கட்டிப்போடும். ஆனால் ஏலம் முடிந்த பிறகு கட்டாமல் இருப்பவரை யாரும் கட்டிப்போடுவதில்லை. நாலு நாள் அவகாசம் கொடுப்பார்கள். ஐந்தாம் நாள் விற்பவர் ஆர்டரை ரத்து செய்யலாம், கட்டாதவர் கணக்கில் ஒரு குறி விழும். குறிகள் சேர்ந்தால் சில விற்பவர்கள் அவரைத் தடுத்து வைப்பார்கள். 2008-லிருந்து விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடும் போட முடியாது. மிஞ்சினால் ஈபே அவர் வாங்குவதைக் கட்டுப்படுத்தலாம். அவ்வளவுதான்.

நம் ஊரில் வங்கிகள் சொத்தை ஏலம் விடும்போது இந்தக் கதை நடக்காது. முன்பணம் கட்டாமல் உள்ளே நுழைய முடியாது. வங்கிகள் கடனுக்கு ஈடான சொத்தை விற்று வசூலிக்க உதவும் சர்ஃபாசி சட்டத்தின் விதிப்படி ஜெயித்தவர் அன்றைக்கோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதியைக் கட்டாமல் விட்டால் கட்டியதும் போய்விடும். லென்ஸுக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம், சரி. ஆனால் கேட்ட வார்த்தைக்கு ஏதாவது ஒரு விலை இருக்க வேண்டாமா?

விற்பவரை நான் குறை சொல்லவில்லை. நானும் அங்கே விற்றிருக்கிறேன். பெட்டி கட்டித் தயாராக வைத்துவிட்டு, பணம் வரும் வரும் என்று நாலு நாள் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு எரிச்சல் என்று தெரியும். மறுபடி ஏலத்துக்குப் போட்டால் முன்பு வந்த விலை வராது. முதல் ஏலத்தில் ஆர்வமாக இருந்தவர்கள் அதற்குள் வேறு எதையாவது வாங்கியிருப்பார்கள். செகண்ட் சான்ஸ் ஆஃபர் அவருக்கு உண்மையான உதவி. ஏலம் முடிந்து 60 நாள் வரை அனுப்பலாம், 1, 3, 5 அல்லது 7 நாள் கெடு வைக்கலாம், மறுபடி பட்டியலிடக் கட்டணம் கிடையாது. ஆஃபரின் விலையை அவர் நினைத்தாலும் குறைக்க முடியாது, அது நம் உச்சத் தொகையிலிருந்து தானாக வந்து உட்காரும். அதனால் விலையைப் பார்த்து அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

நமக்கும் கடமை எதுவும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நண்பரும், "நான் ஏலம் கேட்ட தொகைதானே, இப்ப மாட்டேன்னு சொன்னா தப்பாகாதா?" என்று தயங்கினார். ஆகாது. தோற்ற ஏலத்தோடு நம் வார்த்தை முடிந்துவிட்டது, இது புதிதாக வரும் ஆஃபர். அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பான யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடில் ஏலத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, 2-328. ஒருவர் தன் ஏலத்தைத் திரும்பப் பெற்றால் அதற்கு முந்தைய ஏலம் உயிர்பெறாது என்று அதில் எழுதியே இருக்கிறது.

அதே பிரிவில் எனக்கு இன்னும் பிடித்த வரி ஒன்று உண்டு. விற்பவர் சொல்லாமல் தானே ஏலம் கேட்டு விலையை ஏற்றினால், வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம், அல்லது நேர்மையாக வந்த கடைசி ஏலத் தொகைக்கே பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் இது ஈபேயிலேயே நடந்தது. ஒருவர் தன் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரை 1 யூரோவில் தொடங்கி ஏலம் விட்டு, இன்னொரு கணக்கிலிருந்து தானே ஏலம் கேட்டு 17,000 வரை கொண்டுபோனார். 2016 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச சிவில் நீதிமன்றம் அவருடைய ஏலங்கள் செல்லாது என்று தள்ளியது. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நேர்மையாகக் கேட்டவருக்குக் கார் 1.50 யூரோவுக்கே சேர வேண்டும், கிடைக்காததற்கு நஷ்டஈடு கொடு என்றது.

கள்ள ஏலமும் கட்டாமல் ஓடுவதும் ஒன்றல்ல, தெரியும். ஓடுகிறவர் விற்பவருக்கு ஆளாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருக்கவும் மாட்டார். ஆனால் பொய்யான ஏலத்தைக் கழித்துவிட்டு விலையைப் பார் என்ற நியாயம் இரண்டுக்கும் பொருந்தும். எனக்குக் கீழே இருந்த மூன்றாமவர் எவ்வளவு போட்டார் என்பது ஈபேயிடம் இருக்கிறது. கூட ஒரு படி சேர்த்து அதையே ஆஃபரின் விலையாக ஈபே வைக்க எந்தத் தடையும் இல்லை.

ஆஃபர் வந்தால் நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதலில் அது ஈபே கணக்குக்குள் இருக்கும் மெசேஜ் பெட்டியில் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வெறும் மின்னஞ்சலில் வந்து, வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம். உண்மையான ஆஃபருக்குப் பணம் திருப்பித் தரும் உத்தரவாதம் உண்டு. அடுத்தது ஏல வரலாறு. ஜெயித்தவர் பெயர் மறைந்திருக்கும், ஆனால் அவருடைய மதிப்பீட்டு எண் தெரியும். சொடுக்கினால் 30 நாளில் அவர் போட்ட ஏலங்களில் எத்தனை சதவீதம் இதே விற்பவரிடம் என்பதும், எத்தனை முறை பின்வாங்கினார் என்பதும் வரும். பூஜ்ய மதிப்பீடு உள்ள ஆள், ஏலமெல்லாம் ஒரே விற்பவரிடம் என்றால் கள்ள ஏலமாக இருக்கலாம், அந்தப் பக்கத்தையே மூடிவிடுவேன்.

என் லென்ஸ் 165-க்கும் மேலேயே பெறும். எவ்வளவு நல்லது என்று மேலே நானேதான் எழுதியிருக்கிறேன். என்றாலும் அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் நான் எடுக்கப் போவதில்லை. கெடு முடியும்வரை அப்படியே விட்டுவிட்டு, விற்பவருக்கு ஈபே வழியாகவே எழுதுவேன்: "பொருள் எனக்கு வேண்டும். மூன்றாமவர் தொகைக்கு மேல் ஒரு படி தருகிறேன். ஏலமில்லாமல் நேரடியாக விற்கும் பை இட் நவ்-வில், ஆஃபர் ஏற்கும்படி போடுங்கள், அன்றைக்கே கட்டிவிடுகிறேன்." ஒத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே லென்ஸ் இன்னொருவரிடமிருந்து வரும். 105 எஃப் 2.5 அபூர்வமான பொருள் இல்லை.