பொதுச் சாவியை யாரை நம்பி ஏற்பது? சான்றிதழும் மற்ற இரு வழிகளும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் அரசு இ-டெண்டர் தளத்தில் விலைப்புள்ளியை ஏற்றும்போது, அந்த விலை, டெண்டரைத் திறக்க நியமிக்கப்பட்ட அதிகாரிகளின் பொதுச் சாவியால் பூட்டப்படுகிறது. பூட்டும் சாவியை ஊரே பார்க்கலாம். திறக்கும் தனிச் சாவி அதிகாரியிடம் மட்டுமே இருக்க வேண்டும். அதிகாரியின் பெயரைப் போட்டு வேறொருவர் தம் பொதுச் சாவியை இடையில் நுழைத்துவிட்டால், பட்டறைக்காரர் தம் விலையைத் தாமே பூட்டி அந்நியரிடம் ஒப்படைத்தவராவார். ஒரு பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்று நம்புவதற்குப் புழக்கத்திலுள்ள மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

1976-இல் மறையாக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் பொதுச் சாவி முறையை வெளியிட்டபோது, எல்லாருடைய சாவிகளும் தொலைபேசி விவரத் திரட்டு போல ஒரு பொதுக் கோப்பில் இருக்கலாம் என்று எண்ணினார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பை நாட வேண்டியதில்லை, அதன் பதிவுகளில் தனித்தனியே மின்கையொப்பமிட்டு (தனிச் சாவியால் இடுவது; பொதுச் சாவியால் எவரும் சரிபார்க்கலாம்) உரியவரிடமே கொடுத்துவிடலாம் என்று லோரன் கோன்ஃபெல்டர் 1978-இல் எம்.ஐ.டி.யில் அளித்த இளநிலை ஆய்வேட்டில் முன்மொழிந்தார். அதுவே நம் முதல் வழியான சான்றிதழ். 1988-இல் வந்த எக்ஸ்.509 தரம் அதற்கு வடிவம் தந்தது: உரியவர் பெயர், பொதுச் சாவி, வரிசை எண், செல்லுபடிக் காலம், வழங்குபவரின் கையொப்பம். உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி அமர்ந்திருக்கும் நோட்டரியின் முத்திரையைப் போன்றது இது; தாள் நம் கையில் இருக்கும், அதற்குப் பொறுப்பு அவருடையது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ் உரிமம் பெற்ற வழங்குநர்களுக்குச் சான்றளிக்கிறது. அவர்கள் நமக்குச் சான்றளிக்கிறார்கள். திருநெல்வேலி ஒப்பந்ததாரரும் சென்னை அதிகாரியும் ஒருவரையொருவர் பார்த்தே இராமல் நம்பிப் பூட்ட முடிவது இந்தச் சங்கிலியால்தான்.

நம்பிக்கை முழுவதும் வழங்குநர் மேல் குவிவது இதன் குறை. 2011-இல் நெதர்லாந்தின் சான்றிதழ் வழங்குநரான டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரில் உருவாக்கிய போலிச் சான்றிதழ், ஈரானியப் பயனர்களை ஒட்டுக்கேட்கப் பயன்பட்டது; அந்த ஆண்டிலேயே நிறுவனம் திவாலானது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்தும் கூகுள், யாகூ தளங்களின் பெயரில் முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தன. பொய்ச் சான்றிதழை ஒவ்வொரு முறையும் தடுத்துவிட இம்முறையால் இயலாது. ஆனால் அது யார் கையொப்பத்தில் வந்தது என்பது அந்தச் சான்றிதழிலேயே இருக்கிறது, அதை நான் பெரிய வலிமையாகக் கருதுகிறேன். டிஜிநோட்டார் சம்பவத்துக்குப் பிறகு, வழங்கப்படும் இணையதளச் சான்றிதழ்களை எவரும் பார்க்கும்படி பதியும் பொதுப் பதிவேடுகள் வந்தன; 2018 ஏப்ரல் இறுதிக்குப் பின் வழங்கப்பட்டவை அவற்றில் பதிவாகாவிட்டால் குரோம் உலாவி ஏற்பதில்லை.

இரண்டாவது வழி நம்பிக்கை வலை. வங்கியில் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவரின் அறிமுகக் கையொப்பம் கேட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். ஃபில் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட பிஜிபி என்ற மின்னஞ்சல் மறையாக்க மென்பொருள் அதே முறையில் வளர்ந்தது: என் நண்பர் உங்கள் சாவியில் கையொப்பமிட்டால் நான் உங்களை நம்பலாம். மேலிடம் எதுவும் வேண்டாம் என்ற அதன் எண்ணம் எனக்குப் பிடித்தமானது. ஆனால் நண்பர் நேர்மையானவர் என்பதால் அவர் ஆளடையாளத்தைக் கவனமாகச் சரிபார்ப்பவர் என்று ஆகிவிடாது. 2019-இல் சிலருடைய சாவிகளில் எண்ணற்ற குப்பைக் கையொப்பங்களைக் குவித்து, அவற்றைப் பயன்படுத்தவே இயலாதபடி சிலர் செய்தார்கள். யார் வேண்டுமானாலும் கையொப்பம் சேர்க்கலாம் என்ற திறந்த தன்மையே அதற்கு வழிவிட்டது.

மூன்றாவது, நேரடிச் சரிபார்ப்பு. வாட்ஸ்அப், சிக்னல் இரண்டிலும் உரையாடலுக்குரிய 60 இலக்க எண்ணை இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மயிலாப்பூரில் ஒரே மேசையில் காபி குடிப்பவர்களுக்கு இதைவிட உறுதியான வழி இல்லை. இடையில் நம்ப வேண்டிய மூன்றாமவரே கிடையாது. ஆனால் முன்பின் அறியாத நூறு பேரிடம் இதைச் செய்ய முடியாது.

எனவே குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் நேரடிச் சரிபார்ப்பையும், டெண்டர், வங்கி, வரித் தாக்கல் ஆகியவற்றுக்குச் சான்றிதழையும் பரிந்துரைப்பேன். சான்றிதழ் வாங்குவோர் கையொப்பத்துக்கும் மறையாக்கத்துக்கும் (அதாவது பூட்டுவதற்கும்) தனித்தனிச் சான்றிதழ்கள் உண்டு என்பதை அறிந்து, தளம் எதைக் கேட்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். மறையாக்கச் சான்றிதழ் காலாவதியானாலும் அதன் டோக்கனை, அதாவது தனிச் சாவி இருக்கும் யூ.எஸ்.பி. கருவியை, எறியக் கூடாது. அந்தச் சாவியால் பூட்டிய பழைய கோப்புகளைத் திறக்க அதிலுள்ள தனிச் சாவியே வேண்டும். டோக்கனையும் பின் எண்ணையும் ஆடிட்டர் அலுவலக மேசை இழுப்பறையில் விட்டுவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சான்றிதழில் உரிமையாளரின் பெயர் சரியாகவே இருந்தாலும், அந்த இழுப்பறையைத் திறப்பவர் எவரும் அவர் பெயரில் கையொப்பமிட முடியும்; டோக்கனை இன்றே திரும்ப வாங்கிப் பின் எண்ணை மாற்றிவிடுங்கள்.