எட்டு வார ஆங்கில வகுப்பும் நனைந்த பெட்டிகளும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாக வெளிநாட்டுக் கடிதங்களை எழுதுவது நான்தான். போன மழைக்காலத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். சரக்கு நனைந்திருந்ததாக வாங்குபவர் புகார் அனுப்பியிருந்தார். நனையக்கூடாது என்றுதான் பெட்டிக்குள் பாலித்தீன் உறை போட்டோம் என்று சொல்ல நினைத்து, ‘ஸோ தட் தி கார்மென்ட்ஸ் டிட் நாட் கெட் வெட்’ என்று எழுதிவிட்டேன். “அப்படியானால் என் கையில் இருக்கும் ஈரத்துணி யாருடையது?” என்று பதில் வந்தது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் இந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஜெராக்ஸ் கடை மாடியில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் நடத்துகிறார். வாரம் இரண்டு நாள், எட்டு வாரம், 2,400 ரூபாய். மொத்தம் ஆறு பேர்.

முதல் நாளே கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். “நனையவில்லை என்று நீயே சாட்சி சொல்லியிருக்கிறாயே, கண்ணு!” என்றார். ‘ஸோ தட்’டுக்குப் பின்னால் வெறும் இறந்தகால வினை வந்தால், அது நடந்து முடிந்த விளைவு என்றுதான் படிப்பவருக்குப் படுமாம். ‘வுட் நாட் கெட் வெட்’ என்றிருந்தால் அது எங்கள் நோக்கம் மட்டுமே. துணி நனைந்ததா இல்லையா என்பது தனிக் கதை. தமிழில் ‘நனையாதபடி உறை போட்டோம்’ என்றால் இரண்டு பொருளும் அதற்குள் அடங்கிவிடும். போடுகிறோம், போடுவோம் என்று மாற்றினாலும் ‘நனையாதபடி’ அசைவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நான் சறுக்கியிருக்கிறேன்.

இரண்டாம் வாரம் ஓர் அட்டவணை தந்தார். ‘ஸோ தட்’டுக்கு முன்னால் உள்ள வினை நிகழ்காலம் என்றால் பின்னால் ‘கேன்’, ‘வில்’. இறந்தகாலம் என்றால் ‘குட்’, ‘வுட்’. நானும் விடவில்லை. ‘ஐ சென்ட் இட் யெஸ்டர்டே ஸோ தட் யூ கேன் ஸ்டார்ட் ஆன் மண்டே’ என்று அதே வாங்குபவர் எழுதியிருந்ததைக் காட்டி, ‘சென்ட்’ இறந்தகாலம்தானே, பின்னால் ‘கேன்’ எப்படி என்று கேட்டேன். “திங்கட்கிழமை இன்னும் வரவில்லையே, அதனால் ‘கேன்’ நிற்கும்” என்றவர், தன் அட்டவணையின் அடியில் தானே ஒரு திருத்தத்தை எழுதிச் சேர்த்தார். நான் படித்த பள்ளியில் கேள்வி கேட்டவனைத்தான் திருத்துவார்கள்.

இரண்டு வினையையும் செய்பவர் ஒருவரே என்றால் நோக்கத்தைச் சொல்ல ‘டு’ போதும், எதிர்மறையில் மட்டும் வெறும் ‘நாட் டு’ நிற்காது, ‘ஸோ அஸ் நாட் டு’ அல்லது ‘இன் ஆர்டர் நாட் டு’ வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

குறை இல்லாமல் இல்லை. ‘அப்படி ஆகிவிடக் கூடாதே என்று’ எனப் பொருள்படும் ‘லெஸ்ட்’ என்ற சொல்லுக்கு ஒரு முழு மாலை போனது. அதன் பின்னால் ‘ஷுட்’ வரலாம், வினையின் மூல வடிவமும் வரலாம் என்பதெல்லாம் கேட்க அழகுதான்; ஆனால் பதினோரு ஆண்டில் ஒரு வணிகக் கடிதத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. பயிற்சித்தாள்கள் மங்கலாக இருக்கின்றன, கீழேயே ஜெராக்ஸ் கடை இருந்தும். பேச்சுப் பயிற்சி அறவே கிடையாது. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். கடிதம் எழுதிப் பிழைப்பவர்கள் தயங்காமல் சேரலாம்.

வகுப்பு ஆறரைக்கு. ஆறேகாலுக்கே மாடி ஏறினால் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும்.