மக்கிய மரத்தில் பெரிய புழு: காண்டாமிருக வண்டா, நீள்கொம்பு வண்டா?

ஏற்காட்டில் விழுந்து மக்கிய மரமோ, ஆத்தூர்ப் பக்கம் செத்த தென்னையோ, பிளந்தால் விரல் தடிமனில் வெள்ளைப் புழு வந்து விழும். பார்த்ததும் நசுக்கிவிடாதீர்கள். முதலில் காலைப் பாருங்கள்.

காண்டாமிருக வண்டின் புழு அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். செம்பழுப்புத் தலைக்குப் பின்னால் மூன்று ஜோடிக் கால்கள் பளிச்செனத் தெரியும். வால்பக்கம் தோல் பளபளப்பாக இருக்கும்; தின்ற மக்கு உள்ளே கருப்பாகத் தெரியும். விலாவில் வரிசையாக உள்ள பழுப்புப் புள்ளிகள் மூச்சுத்துளைகள். எருக்குழியிலும் இது வளரும்.

நீள்கொம்பு வண்டின் புழு நேராக, கணுக்கணுவாக இருக்கும். கால் இருப்பதே தெரியாது. கட்டைக்குள் தானே குடைந்த சுரங்கத்தில், மரத்தூளுக்கு நடுவே இருக்கும். ஏற்காட்டு அராபிகா காபியை வாட்டும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அது உயிருள்ள தண்டைத் துளைப்பது.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் முதல் புழுவை விடவே கூடாது. வளர்ந்த வண்டு குருத்தைக் குடையும். விரிந்த மட்டை விசிறிபோல் வெட்டுப்பட்டிருக்கும். புழுவைத் தாக்கிக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையை எருக்குழியில் கலப்பது நல்ல வழி. செத்த கட்டையில் இருக்கும் இரண்டாவதை விட்டுவிடலாம், மரத்தை மக்கவைக்கும் வேலையைத்தான் அது செய்கிறது.

சுருண்ட புழுவைத் தரையில் விட்டதும் மல்லாந்து முதுகால் நகர்ந்தால், அது பூவண்டின் புழு. அதையும் கொல்ல வேண்டாம்.