பேரம் பேசப் போகும்போது எந்த எண் மனதில் இருக்கணும்: ஆசை விலையா, எல்லை விலையா?

பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்று, 55,000 சொல்கிறார்கள். 40,000-க்குக் கிடைத்தால் ஜாக்பாட் (இதுதான் ஆசை விலை), 50,000-ஐத் தாண்டினால் வேண்டவே வேண்டாம் (இது எல்லை விலை) என்று மனதில் இரண்டு கணக்கோடு போகிறீர்கள். பேசிப் பேசி 46,000-க்குப் படிகிறது. நாற்பதையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு ஆறாயிரம் போச்சு, ஐம்பதை நினைத்திருந்தவருக்கு நாலாயிரம் மிச்சம். வண்டி என்னவோ ஒன்றுதான்.

காசு மட்டும்தான் முக்கியம் என்றால் ஆசை விலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் சந்தேகமே இல்லை. காலின்ஸ்கி, முஸ்வைலர், மெட்வெக் மூவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கை, அதாவது ஆசை விலையை, மனதில் வைத்துப் பேசியவர்கள்தான் நல்ல விலைக்கு முடித்தார்கள், ஆனால் முடித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டவர்களும் அவர்களேதான். காரணம் எளிது: நாற்பதை நினைப்பவர் முப்பத்தைந்தில் ஆரம்பிப்பார், ஐம்பதை நினைப்பவர் நாற்பத்தெட்டில் ஆரம்பித்து அங்கேயே மாட்டிக்கொள்வார். (நீங்கள் கேட்ட விலைக்கு விற்பவர் உடனே சாவியை நீட்டிவிட்டால் அது தனி வயிற்றெரிச்சல், இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமோ என்று ராத்திரி முழுக்க ஓடும்.)

எல்லை விலைக்கு வேறு வேலை. அது இல்லாவிட்டால், இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று 53,000-க்கும் தலையாட்டிவிடுவோம்.

சம்பளப் பேச்சில் மட்டும் நான் திருப்திக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் வண்டி விற்றவரை மறுபடி பார்க்கப் போவதில்லை, எச்ஆரையும் மேனேஜரையும் தினம் பார்க்கணும். குர்ஹானும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குச் சேரும்போது நடந்த பேச்சுவார்த்தை மனதுக்கு நிறைவாக இருந்தவர்கள் ஓராண்டு கழித்தும் வேலையில் திருப்தியாக இருந்தார்கள். பேசி வாங்கிய சம்பளத்தின் அளவை வைத்து அந்தத் திருப்தியைக் கணிக்க முடியவில்லை.

ஆகவே என் ஓட்டு: பேசி முடிக்கும்வரை ஆசை விலை, அட்வான்ஸ் கொடுத்தபின் எல்லை விலை. முடிந்தபிறகு எல்லையை நினைத்துப் பார்த்தவர்களுக்குத் திருப்தி திரும்பியது என்பதும் அதே 2002 ஆய்வில் வந்ததுதான். ஒரே சிக்கல், சந்தையில் 38,000-க்குப் போகும் வண்டிக்கு நீங்கள் 50,000 என்று எல்லை போட்டிருந்தால் அந்தத் திருப்தி வெறும் ஏமாளித்தனம். தெரிந்த மெக்கானிக்கிடம் விலை விசாரித்து, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லையைப் போட்டுவிடுங்கள், வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தபிறகு அல்ல.